மானிப்பாய் அங்காதிபாதமும் ஸ்கேன் திரையும்

கெலிஓயாவில் கண்டி பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பேராதனை வந்துவிடும். இலங்கையின் இரண்டாவது மருத்துவ பீடம் 1962இல் அங்கேதான் தொடங்கியது. எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்று அங்கே எடுபட்டால் ஊரே பேசும். லீவுக்கு வீட்டுக்கு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "மய்யித்தெல்லாம் வெட்டணுமாமே, பயமில்லையா?"

அந்தப் பயத்துக்கு நியாயமான காரணம் உண்டு. உடற்கூற்றியலின் வரலாறு, யாருடைய உடல் மேசைக்கு வந்தது என்பதன் வரலாறும்கூட. 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று, உடல்களை உடற்கூற்றியல் ஆசிரியர் ஒருவருக்கு விற்றார்கள். பிறகு 1832இல் பிரித்தானியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாணவர்களின் மேசைக்குப் பெரும்பாலும் வந்து சேர்ந்தவை, உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் உடல்கள். கல்கத்தாவில் 1836இல் மதுசூதன் குப்தா பிரேதத்தை அறுத்தபோது, அவர் சாதிக் கட்டுப்பாட்டையும் சேர்த்தே அறுக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டுக் கதை யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் வகுப்பு. படித்தவர்கள் அரசாங்க வேலைக்குப் போய்விட்டார்கள், கிராமத்துக்கு டொக்டர் மிஞ்சவில்லை. 1862இல் இரண்டாம் முறை வந்தவர் தமிழிலேயே கற்பிக்கத் தீர்மானித்தார். வகுப்பை மாற்றினால் போதுமா, புத்தகம் வேண்டாமா? கட்டரின் உடற்கூற்றியல் நூல் ஏற்கெனவே 'அங்காதிபாதம்' என்று தமிழில் வந்திருந்தது. லண்டனில் 1858இல் வெளியான கிரேயின் பெருநூல், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆனது. எலும்புக்கும் தசைக்கும் நரம்புக்கும் மாணவர்களோடு உட்கார்ந்து சொல் தேடினார்கள். கிறீனிடம் படித்து வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல். 1873இல் அவர் நாடு திரும்பினார், தமிழ்வழி வகுப்பு அதற்குப் பிறகு நெடுங்காலம் நிலைக்கவில்லை. இன்று நம் மருத்துவ பீடங்களில் பாடமொழி ஆங்கிலம்.

இனி ஸ்கேனுக்கு வருவோம். 1958இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவருடைய குழுவினரும், வயிற்றுக்குள் இருப்பதை ஒலியால் படம் பிடித்த ஆய்வை வெளியிட்டார்கள். உலோகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று தொழிற்சாலையில் பார்க்கிற கருவிதான் அவர்களுக்கு வழிகாட்டியது. காதுக்குக் கேட்காத ஒலி, தசைக்குள் செக்கனுக்குச் சுமார் 1540 மீற்றர் வேகத்தில் போய், எதிரொலித்துத் திரும்புகிறது. திரவம் கறுப்பாகத் தெரியும், எலும்பின் மேற்பரப்பு வெள்ளையாகத் தெரியும். இடையில் காற்று இருந்தால் ஒன்றும் தெரியாது, அதனால்தான் ஜெல் பூசுகிறார்கள்.

நோயைக் கண்டுபிடிக்க வந்த இந்தக் கருவி பிறகு வகுப்பறைக்குள்ளும் வந்தது. ஜேர்மனியின் ஹனோவரில் உடற்கூற்றியல் பாடத்தோடு ஸ்கேனையும் சேர்த்துக் கற்பித்த அனுபவம் 1996இல் கட்டுரையாக வெளியானது. அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகம் 2006இல் மருத்துவப் படிப்பு முழுவதிலும் அதைச் சேர்க்கத் தொடங்கியது.

இதில் என்ன லாபம்? போர்மலினில் கிடந்த இதயம் துடிக்காது. ஸ்கேனில் சக மாணவனின் இதயம் துடிக்கிறது, வால்வு திறந்து மூடுகிறது. கழுத்தில் கருவியை வைத்து லேசாக அழுத்தினால் நாளம் நசுங்கிவிடும், நாடி நசுங்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். ஒரு தரம் கண்ணால் பார்த்தவனுக்கு இந்த வித்தியாசம் மறக்காது. அதற்காக வெட்டிப் படிப்பதை விட்டுவிடவும் முடியாது. எலும்புக்குப் பின்னால் இருப்பது ஸ்கேனில் மறைந்துவிடும். மெல்லிய நரம்பைத் தேடித் தொடர்ந்து போகும் பொறுமையைக் கத்தியும் கையும்தான் பழக்கும்.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறொரு விஷயம். மேசையில் கிடந்த உடல் எதையும் கேட்டதில்லை. ஸ்கேன் கட்டிலில் படுத்திருப்பவர் கேட்பார். "என்ன தெரியுது மகன்?" என்று எங்கள் உம்மாவோ, தோட்டத்திலிருந்து வந்த அக்காவோ கேட்டால், திரையைக் காட்டித் தமிழில் நாலு வார்த்தை சொல்ல முடிய வேண்டும். ஸ்கேன் எடுத்துவிட்டு, உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமலே ரிப்போட்டோடு வீட்டுக்கு வந்தவர்கள் எங்கள் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள்.

கிறீன் தேடிய சொற்களில் பல இன்று பழசாகிவிட்டன. ஆனால் கிராமத்தில் போய் வைத்தியம் பார்க்கப் போகிறவன் அந்த ஊர் மொழியிலேயே உடலைப் படிக்க வேண்டும் என்று அவர் நினைத்தது பழசாகவில்லை. பாடமொழி ஆங்கிலமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். மாணவன் ஸ்கேன் பழகும் அதே மணித்தியாலத்தில், தான் பார்ப்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிப் பழகலாமே. அதற்குப் புதிய மெஷின் எதுவும் தேவையில்லை. கம்பஸ் போகிற எங்கள் தம்பி தங்கைகளிடம் இதைத்தான் கேட்கிறோம்.