மூடப்பட்ட ஜூனியர் ஹை ஸ்கூல்களின் சேர்க்கை, தேர்ச்சித் தரவுகள் (அமெரிக்கா)

அமெரிக்காவில் அரசு ஜூனியர் ஹை ஸ்கூல் ஒன்று மூடப்பட்டாலும் அதன் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, தேர்ச்சி விகிதம் ஆகியவை அரசுப் பதிவுகளில் இருந்துகொண்டே இருக்கும். இவ்வகைப் பள்ளிகள் பெரும்பாலும் 7 முதல் 9 வரையிலான வகுப்புகளைக் கொண்டவை. முதலாவதாகக் கருதப்படும் இண்டியனோலா பள்ளி, ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் 1909இல் தொடங்கியது. 1960களுக்குப் பின் 6 முதல் 8 வரையிலான ‘மிடில் ஸ்கூல்’ முறை பரவியதால் பல பள்ளிகள் பெயரும் வகுப்பும் மாறின. எனவே பதிவில் ‘மூடப்பட்டது’ என்றிருந்தால் கட்டடத்தையே பூட்டிவிட்டார்கள் என்று பொருளல்ல. அதே வளாகத்தில் வேறு பள்ளி நடக்கலாம்.

தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் ஒவ்வொரு பள்ளிக்கும் 12 இலக்க அடையாள எண் தருகிறது: மாநிலத்துக்கு 2, கல்வி மாவட்டத்துக்கு 5, பள்ளிக்கு 5. சேர்க்கைக் கணக்கு அக்டோபர் 1ஆம் தேதியை ஒட்டி எடுக்கப்படுகிறது.

கடைசி ஆண்டுகளின் எண்களைத்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். நியூயார்க் நகரம் பல பள்ளிகளைப் படிப்படியாக மூடியது: முதலில் கீழ்வகுப்பில் சேர்க்கை நிற்கும், ஆண்டுக்கு ஒரு வகுப்பு குறையும், இறுதியில் மேல்வகுப்பு மட்டும் மிஞ்சும். அட்டவணையை மட்டும் பார்ப்பவர், பிள்ளைகள் குறைந்ததால் பள்ளியை மூடினார்கள் என்று நினைப்பார். உண்மையில் மூடும் முடிவுதான் எண்ணிக்கையைக் குறைத்தது.

தேர்ச்சி விகிதமும் எளிதில் ஏமாற்றும். 2002இல் கையெழுத்தான கூட்டரசுச் சட்டம் 3 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுதோறும் வாசிப்பு, கணிதத் தேர்வுகளைக் கட்டாயமாக்கியது. ஆனால் வினாத்தாளும் தேர்ச்சி வரம்பும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க் மாநிலம் 2013இல் கடினமான தேர்வுக்கு மாறியபோது ஆங்கிலத் தேர்ச்சி 55 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக விழுந்தது. ஒரே ஆண்டில் பிள்ளைகளின் அறிவு அப்படிச் சரிந்திருக்க முடியாது. அந்தச் சமயத்தில் மூடப்பட்ட பள்ளியின் வரைபடத்தில் இச்சரிவு பள்ளியின் குற்றம்போலத் தோன்றும். கொரோனாவால் 2020 வசந்தத் தேர்வுகள் நடக்கவில்லை. அட்டவணையில் அந்த ஆண்டுக்கான இடம் காலியாகவே இருக்கும். மாணவர் மிகக் குறைந்த பிரிவுகளில், தனியுரிமை கருதிச் சரியான விகிதம் மறைக்கப்படும்.

வறுமையின் அளவுகோலாகக் கொள்ளப்படும் இலவச மதிய உணவுக் கணக்கிலும் இதே சிக்கல். 2014-15 முதல் நாடெங்கும், ஏழ்மை மிகுந்த பள்ளிகள் அனைவருக்கும் இலவச உணவு தரும் வழி திறந்ததால், சில பள்ளிகளின் விகிதம் திடீரென 100ஆக உயர்ந்தது.

பள்ளி மூடப்பட்டதால் இடம்மாறிய பிள்ளைகளின் மதிப்பெண்கள் அவர்கள் போய்ச் சேர்ந்த பள்ளியின் கணக்கில் கலந்துவிடுகின்றன. பொதுவில் வெளியாகும் பள்ளிவாரித் தொகுப்புகளில் அவர்களைத் தனியே பிரித்தெடுக்க வழியில்லை.