தனித்த சாவி எண்ணும் வரிசைப் பூட்டும்

தனித்த சாவி என்பது தரவுத்தள அட்டவணையில் ஒரு பதிவை மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் மதிப்பு. பலர் ஒரே நேரத்தில் பதிவு செய்யும்போது ஒரே எண் இருவருக்குப் போகாமல் தடுக்க, முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் செயல்தொகுதியான டிரான்சாக்‌ஷனும் ஒரு பதிவின் வரிசையைப் பூட்டும் வரிசைப் பூட்டும் பயன்படுகின்றன.

மோதல்

பில் எண்களுக்கான எண்ணி அட்டவணையில் 1041 இருப்பதாகக் கொள்வோம். கடையின் இரண்டு கவுன்டர்களும் ஒரே நேரத்தில் அதைப் படித்து, ஒன்றைக் கூட்டி, 1042 என எழுதினால் இரண்டு பில்லுக்கும் ஒரே எண் விழும். டிரான்சாக்‌ஷனுக்குள் செய்தாலும், போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இயல்புநிலையான ‘ரீட் கமிட்டட்’ தனிமைப்படுத்தல் மட்டத்தில் செலக்ட் என்னும் வெறும் படிக்கும் கட்டளை இதைத் தடுக்காது.

பூட்டு

‘செலக்ட் ஃபார் அப்டேட்’ கட்டளை, படிக்கும்போதே அந்த வரிசையைப் பூட்டிவிடும். இரண்டாம் கவுன்டர் அதே கட்டளையுடன் வந்தால், முதலாமது கமிட் ஆகி உறுதியாகும்வரை காத்திருந்து, புதிய மதிப்பான 1042-ஐப் படித்து 1043-ஐ எடுத்துக்கொள்ளும். முதல் பில் ரோல்பேக் ஆகி ரத்தானால் எண்ணியும் 1041-க்கே திரும்பும், எண் விட்டுப்போகாது. பூட்டு நீடிக்கும் நேரமே இதற்கான விலை. ஆகவே எண் எடுத்த பிறகு பிரின்டருக்கோ பணப் பரிமாற்றத்துக்கோ காத்திருக்காமல் உடனே கமிட் செய்வது வழக்கம்.

இல்லாத வரிசையைப் பூட்ட முடியாது. நிதியாண்டுக்கு ஓர் எண்ணி வைத்தால், புதிய நிதியாண்டின் முதல் பில்லுக்கு எண்ணி வரிசையே இருக்காது. இருவரும் ஒருசேர அதை உருவாக்க முயலலாம். அங்கே ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடுதான் காவல்: ஒன்று நிற்கும், மற்றது பிழையாகித் திரும்ப முயலும்.

சீக்வென்ஸ்

எண்ணி அட்டவணைக்கு மாற்று, தரவுத்தளமே அடுத்தடுத்த எண்களைத் தரும் சீக்வென்ஸ். அது கொடுத்த எண், ரோல்பேக் ஆனாலும் திரும்பி வராது. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இடைவெளி விழும். உள் பயன்பாட்டுச் சாவிக்கு இது குறையல்ல. இந்திய ஜிஎஸ்டி விதி 46-இன்படி, வரி விலைப்பட்டியல் எண் 16 எழுத்துகளுக்கு மிகாத தொடர் எண்ணாக, நிதியாண்டுக்குள் தனித்ததாக இருக்க வேண்டும். விட்டுப்போன எண் கணக்குத் தணிக்கையில் கேள்வியாகும் என்பதால், இத்தகைய இடங்களில் பூட்டிய எண்ணியே பொருந்தும்.

யுயுஐடி

128 பிட் நீளமுள்ள தனித்த அடையாள எண்ணான யுயுஐடிக்குப் பொது எண்ணியே தேவையில்லை. நான்காம் பதிப்பில் 122 பிட்டுகள் தற்செயலானவை. 2024-இல் தரப்படுத்தப்பட்ட ஏழாம் பதிப்பு, 48 பிட் நேரமுத்திரையை முன்னால் வைப்பதால் நேர வரிசைப்படி அடுக்கத்தக்கது.