பிழை வரம்பு

மலேசியாவில் 2013 முதல் எஸ்.பி.எம். தேர்வில் வரலாறு கட்டாயத் தேர்ச்சிப் பாடம். மற்ற பாடங்களில் எல்லாம் 'ஏ' வாங்கிவிட்டு செஜாராவில் மட்டும் கோட்டை விட்டால் சான்றிதழ் கிடையாது. மறு ஆண்டிலிருந்து தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டிலேயே அது தனிப்பாடமாக வந்துவிட்டது. எங்கள் தலைமுறையில் வரலாறு படிக்காதவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது. ஆனால், படித்ததில் என்ன மிஞ்சியது என்று நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். பரமேஸ்வரா, ஒரு மரம், ஒரு சருகுமான். அத்தோடு சரி.

நான் தேர்வெழுதிய காலத்தில் மூன்றாம் தாள் என்று ஒன்று இருந்தது. புத்தகம், குறிப்பு எதை வேண்டுமானாலும் மண்டபத்துக்குள் எடுத்துப் போகலாம். எந்தத் தலைப்பில் கேள்வி வரும் என்பதைச் சில வாரங்களுக்கு முன்பே அறிவித்துவிடுவார்கள். திறந்த புத்தகத் தேர்வு என்றால் சுயமாக யோசித்து எழுத வைக்கத்தானே? ஆனால் அந்தச் சில வாரங்களில் டியூஷன் சென்டர்களில் ரெடிமேட் பதில்கள் புழங்க ஆரம்பித்துவிடும். முடிவுரை மட்டும் எந்தத் தலைப்புக்கும் பொருந்தும்: நாட்டை நேசிக்க வேண்டும், ஒற்றுமை பேண வேண்டும், முன்னோரின் தியாகத்தை மறக்கக் கூடாது. நானும் எழுதினேன், மார்க் வந்தது.

அந்த 'முன்னோரின் தியாகம்' என்ற வரியைத்தான் கொஞ்ச நாளாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஜப்பானியர் ஆட்சிக் காலப் பாடத்தில் என் நினைவில் நிற்பவை வாழைமரம் போட்ட நோட்டு, மரவள்ளிக் கிழங்கு, சைக்கிளில் வந்த படை. பிறகு உடனே, அந்த ஆட்சி எப்படி நாட்டுப்பற்றைத் தூண்டியது என்ற புள்ளிகள். என் பாட்டிக்கு அந்தக் காலத்தைப் பற்றித் தெரிந்ததோ ஒரே வரி. அவருடைய அப்பாவைப் பற்றியது. "சயாமுக்குப் போனாரு, வரல." பாட்டி அப்போது கைக்குழந்தை. இறந்த தேதி தெரியாததால் திதி கிடையாது. ஆடி அமாவாசைக்கு எல்லாருக்கும் சேர்த்துப் படைக்கும்போது அவருக்கும் சேர்த்து ஓர் இலை. தோட்டத்தில் பல வீடுகளில் இதே கதைதான் என்று பாட்டி சொல்வார்.

சயாம்–பர்மா ரயில் பாதை தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூஸயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். மலை, காடு, பருவமழை என்று எல்லாம் நடுவில் இருக்க, கையாலும் மண்வெட்டியாலும் ஒரு வருடம் சொச்சத்தில் இதைப் போட முடிந்தது என்றால் அதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. ஆட்களைப் பற்றிய கணக்கே தேவையில்லை என்று முடிவெடுத்துவிட்டால் எந்தத் திட்டத்தையும் சீக்கிரம் முடிக்கலாம்.

அங்கே வேலை செய்தவர்கள் இரண்டு வகை. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்னொரு வகை ஆசியத் தொழிலாளர்கள்: பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள். அவர்கள் எத்தனை பேர்? 180,000 என்று ஒரு புத்தகம் சொல்லும். கால் மில்லியனுக்கு மேல் என்று இன்னொன்று சொல்லும். இறந்தவர்கள்? 70,000 என்பார்கள், 90,000 என்பார்கள். ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பவர்களும் உண்டு.

நான் படித்தது பொறியியல். எந்த அளவீட்டை எழுதினாலும் பக்கத்தில் கூட்டல்-கழித்தல் போட்டுப் பிழை வரம்பையும் எழுத வேண்டும். இல்லையென்றால் லேப் ரிப்போர்ட் திரும்பி வந்துவிடும். பிழை வரம்பு பெரிதாக இருந்தால் கருவி மோசம், அல்லது அளந்தவர் அக்கறையில்லாமல் அளந்தார் என்று அர்த்தம். மேலே உள்ள கணக்கை அந்தப் பழக்கத்தோடு பாருங்கள். போர்க்கைதிகள் பக்கத்தில் இடுகாடு வாரியாக, ஆள் வாரியாகப் பட்டியல் உண்டு. நம் பக்கத்தில் பிழை வரம்பே பல்லாயிரம் பேர். அங்கே இறந்த மொத்தப் போர்க்கைதிகளையும் நம் கணக்கின் பிழை வரம்புக்குள் போட்டால் காணாமல் போய்விடுவார்கள்.

ஏன் இப்படி? கைதிகள் ராணுவமாகவே பிடிபட்டவர்கள். அதிகாரி, மருத்துவர், பாதிரியார் என்று ஓர் அமைப்பு சிறைக்குள்ளும் அப்படியே இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, கழிவுக்குழி இங்கே வெட்டு என்று உத்தரவு போட ஆள் இருந்தது. செத்தவரின் பெயரை எழுதவும் ஆள் இருந்தது. ரகசியமாக எழுதிய குறிப்புகளைப் புட்டிகளிலும் மூங்கிலிலும் ஒளித்து, சில இடங்களில் கல்லறைகளிலேயே புதைத்து வைத்தார்கள். போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பர் கடைசியில், ஒரு சிறு குழு அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு பாதை நெடுகப் போனது. 144 இடுகாடுகளையும் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளையும் கண்டுபிடித்தது. காஞ்சனபுரியில் இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அந்த அழகான இடுகாட்டில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள்.

தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆரம்பத்தில் ஆசை காட்டினார்கள். ஆள் வருவது குறைந்ததும் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கேட்க ஆரம்பித்தார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு அப்படியே ஏற்றிப் போனதாகவும் சாட்சியங்கள் உண்டு. பால் வெட்டத் தெரிந்தவர்கள், சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு, காட்டுக்குள் இறக்கிவிடப்பட்டார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. தண்ணீரைக் கொதிக்க வை என்று தமிழில் சொல்ல ஒரு மருத்துவர் இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பது கணக்கில் அடங்காத கேள்வி. சாவை எழுதி வைக்கப் பேனா பிடித்தவர் அனேகமாக யாரும் இல்லை.

இதில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. இறந்தவர்களுக்காகக் காஞ்சனபுரியில் முதலில் நினைவுத்தூண் எழுப்பியது ஜப்பானிய ராணுவமே. 1944-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே. அதில் பல மொழிக் கல்வெட்டுகளில் ஒன்று தமிழ். பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனால் தமிழில் எழுத வேண்டும் என்று கொன்றவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

இந்த இடத்தில் ஜப்பானுக்கே போக வேண்டியிருக்கிறது. வரலாற்றுப் பாடத்துக்காக ஆசியாவில் நடந்த மிக நீண்ட சண்டை அங்கேதான் நடந்தது.

இயெனகா சபுரோ ஒரு வரலாற்றுப் பேராசிரியர். மேல்நிலைப்பள்ளிக்கான பாடநூல் எழுதியவர். அங்கே பாடநூலைத் தனியார் எழுதலாம். கல்வி அமைச்சு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். போரைப் பற்றி ரொம்ப இருட்டாக எழுதியிருக்கிறீர்கள் என்கிற ரீதியில் அவர் நூலைத் திருத்தச் சொன்னார்கள். 1965-இல் அரசின் மீது வழக்குப் போட்டார். 1967-இல் இன்னொன்று, 1984-இல் மூன்றாவது. கடைசித் தீர்ப்பு 1997 ஆகஸ்ட் 29 அன்று வந்தபோது அவருக்கு எண்பத்து மூன்று வயது. முப்பத்திரண்டு வருடம்! தணிக்கை முறையே அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்ற அவருடைய பெரிய வாதம் தோற்றது. ஆனால் சில பகுதிகளை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவற்றில் ஒன்று, சீனாவில் கைதிகளை வைத்துக் கிருமிச் சோதனை நடத்திய 731-ஆம் படைப்பிரிவு பற்றிய பகுதி. இழப்பீடு 400,000 யென். முப்பது வருட வக்கீல் செலவுக்கு முன் அது டீக்காசு.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அமைச்சு சொன்ன காரணம். 731 நடக்கவில்லை என்று அமைச்சு சொல்லவில்லை. நம்பகமான ஆய்வுகள் இன்னும் போதுமான அளவுக்கு வரவில்லை, பாடநூலில் சேர்ப்பது அவசரம் என்றது. எவ்வளவு நாசூக்கான வாதம்! நீதிமன்றம் அதை ஏற்காததற்குக் காரணம், அதற்குள் வேறு பலர் அந்தப் படைப்பிரிவைப் பற்றித் தோண்டித் தோண்டி எழுதிக் குவித்திருந்ததுதான். பாடநூலில் நாலு வரி நிற்க, வெளியே ஒரு அலமாரிப் புத்தகம் இருக்க வேண்டியிருந்தது.

இதே வாதத்தை நாளை நம்மிடம் வைத்தால்? சயாம் ரயிலுக்குப் போன தோட்டத் தமிழர்களுக்கு ஓர் அத்தியாயம் கொடுங்கள் என்று கேட்டு, சரி, ஆய்வு எங்கே என்று திருப்பிக் கேட்டால்?

நாம் கேட்பதே அரிது என்பது வேறு விஷயம். 1982-இல் ஜப்பானியப் பாடநூல்களில் 'படையெடுப்பு' என்ற சொல்லை மழுப்புகிறார்கள் என்று சீனாவும் கொரியாவும் கொதித்தன. பாடநூல் ஒப்புதலில் அண்டை நாடுகளின் உணர்வையும் கணக்கில் எடுப்போம் என்று ஜப்பான் ஒரு விதியே சேர்க்க வேண்டியதாயிற்று. அதே 1982-இல்தான் மகாதீர் 'கிழக்கை நோக்கு' கொள்கையை அறிவித்தார். தொழிற்சாலைகள் வந்தன, என்னைப் போன்றவர்களுக்குப் பிற்காலத்தில் வேலையும் வந்தது. குறை சொல்ல மாட்டேன். ரத்தக் கடன் என்று சீன சமூகம் போராடிய விவகாரமோ 1967-லேயே அரசு அளவில் முடிந்துவிட்டது. ஜப்பான் 25 மில்லியன் வெள்ளி மதிப்புக்குக் கப்பல்கள் தர ஒப்புக்கொண்டது. மலேசியா விஷயம் முற்றாகத் தீர்ந்தது என்று கையெழுத்துப் போட்டது. ரயில் பாதையின் தாய்லாந்துப் பகுதியும் போருக்குப் பின் 12.5 லட்சம் பவுண்டுக்குத் தாய்லாந்திடம் விற்கப்பட்டது. தண்டவாளத்துக்கு ஒரு விலை வைக்க முடிந்திருக்கிறது.

இங்கே செஜாரா பற்றிச் சர்ச்சை கிளம்பும்போதெல்லாம் நம்மவர்கள் கேட்பது பக்க எண்ணிக்கை. இந்தியர்களுக்கு எத்தனை பத்தி, எத்தனை படம், சம்பந்தனுக்கு எத்தனை வரி. கேட்க வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் நாளைக்கே பத்துப் பக்கம் தருகிறோம் என்றால் அதில் போட நம்மிடம் என்ன இருக்கிறது? உணர்ச்சி நிறைய இருக்கிறது, பெயர்கள் கொஞ்சம்தான் இருக்கின்றன.

ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அநியாயம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது. இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கு இவற்றை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வரலாற்றுத் துறை செய்யாததை நாவலாசிரியர்கள் செய்தார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அதில் பாதிப் பெருமை, பாதி வெட்கம். நாவலால் ஒரு காட்டைக் கண்முன் நிறுத்த முடியும்; எத்தனை பேர், யார் யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது நாவலின் வேலை கிடையாது. மலாயாத் தொழிலாளர்களின் ஆள் திரட்டலைப் பற்றி ஆவணங்களைத் துழாவிக் கட்டுரைகள் எழுதியவர்களில் முக்கியமானவர் நகஹாரா மிச்சிகோ என்ற ஜப்பானிய ஆய்வாளர். நம் தாத்தாக்களின் கணக்கை அவர் நாட்டிலிருந்து ஒருவர் வந்து பார்க்க வேண்டியிருந்தது. அக்கரையில் சிங்கப்பூர் 1979-இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவைத் தொடங்கி, ஜப்பானிய ஆட்சியில் வாழ்ந்தவர்களை 1981 முதல் உட்கார வைத்துப் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்தது. அன்று நாற்பது வயது ஆளிடம் டேப் ரெக்கார்டரை நீட்டியிருந்தால் சின்ன வயசு ஞாபகமாவது கிடைத்திருக்கும். இப்போது அந்த வயதுக்காரர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். சயாமிலிருந்து திரும்பியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

ஆகவே இப்போது மிச்சம் இருப்பது இரண்டாம் கை நினைவு. "வரல" என்று சொல்லத் தெரிந்த மகள்கள், பேரன்கள். வரலாற்று ஆய்வில் இதற்கு மதிப்புக் குறைவு என்பது எனக்குத் தெரியும். ஆனால் சுத்தமாக அளவீடே இல்லாததைவிட மோசமான கருவியில் எடுத்த அளவீடு மேல். எவ்வளவு மோசம் என்று பக்கத்திலேயே எழுதிவிட்டால் போதும்.

போன வருடத்திலிருந்து ஒரு எக்ஸெல் கோப்பு வைத்திருக்கிறேன். பெயர், அப்பா பெயர், தோட்டம், போன வருடம், திரும்பினாரா, சொன்னவர் யார், எவ்வளவு உறுதி. கடைசிக் கட்டத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போடுகிறேன். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், கோயில் திருவிழாவில் கேட்டுச் சேர்த்தவை. பெரும்பாலும் தோட்டத்தின் பெயர்கூடத் தகராறுதான். துண்டாடப்பட்டு, பெயர் மாறி, இன்று செம்பனையாகவும் தாமானாகவும் ஆகிவிட்டன. பாட்டியின் அப்பாவுக்கு அவருடைய பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயரை எழுதி, உறுதிக் கட்டத்தில் நான்கு போட்டிருக்கிறேன்.

இதுவரை முப்பத்தோரு வரிசைகள். அதில் ஒன்பதாவதும் இருபத்திரண்டாவதும் ஒரே பெயர், ஒரே தோட்டம். அப்பா பெயர் மட்டும் வேறு. ஒன்றைச் சொன்னவர் கிள்ளானில் இருக்கும் ஒரு பேரன், மற்றதைச் சொன்னவர் சுங்கை சிப்புட்டில் ஒரு மருமகள். ஒரே ஆளை இரண்டு குடும்பம் இரண்டு விதமாக நினைவு வைத்திருக்கலாம். பெயர் ஒன்றாக இருந்த இரண்டு ஆட்களாகவும் இருக்கலாம். இரண்டையும் சேர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.