பழைய காரில் கார்புரேட்டர் ஜெட்டை மாத்தினா மைலேஜ் கூடுமா? கை வைக்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

மாருதி 800, அம்பாசடர், பிரீமியர் பத்மினி என கார்புரேட்டர் வைத்த பழைய கார் ஓட்டுபவரா நீங்கள்? "சின்ன ஜெட் போட்டா மைலேஜ் கூடும்" என்று யாராவது சொல்லியிருப்பாங்க. அது உண்மையா? இன்ஜினுக்கு ஆபத்து உண்டா? வாங்க பார்க்கலாம்.

ஜெட் என்றால் என்ன?

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். அதில் பெட்ரோலை அளந்து விடும், நடுவில் துளை உள்ள சிறிய பித்தளைத் திருகுதான் ஜெட். ஐட்லிங்கிலும் மெதுவாகப் போகும்போதும் ஸ்லோ ஜெட் வேலை செய்யும். வேகம் எடுத்த பிறகு மெயின் ஜெட்.

சோலெக்ஸ் வகை கார்புரேட்டர்களில் ஜெட் மேல் இருக்கும் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும். 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 115 போட்டால் துளையின் பரப்பு சுமார் 8 சதவீதம் குறைந்துவிடும். எண்ணில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் இன்ஜினுக்கு அது பெரிசு.

பெட்ரோல் குறைஞ்சா நல்லதுதானே?

1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் அது 'ரிச்' கலவை. கரும்புகை வரும், காசும் வீண். பெட்ரோல் குறைந்தால் 'லீன்'. லேசாக லீன் ஆனால் சிக்கனம் உண்மைதான். அளவு தாண்டினால் இழுவை போய்விடும். நீங்கள் ஆக்சிலேட்டரை இன்னும் மிதிப்பீங்க, மிச்சம் பிடித்ததும் அதிலேயே போய்விடும். இன்ஜின் சூடேறி எக்ஸாஸ்ட் வால்வு கருகவும் வாய்ப்பு உண்டு.

இ20 பெட்ரோலில் என்ன சிக்கல்?

இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 1 கிலோ எத்தனால் எரிய சுமார் 9 கிலோ காற்றே போதும். அதனால் அதே ஜெட்டில் இ20 போட்டாலே கலவை லீன் பக்கம் சாயும். சென்சார் உள்ள புதிய கார்கள் இதைத் தானாகச் சரிசெய்துகொள்ளும். பழைய கார்புரேட்டருக்கு அந்த வசதி இல்லை. இதற்கு மேல் ஜெட்டையும் சின்னதாக்கினால் இரட்டை அடிதான்! எத்தனாலில் எரிசக்தியும் குறைவு. அதனால் குறையும் மைலேஜை எந்த ஜெட்டாலும் மீட்க முடியாது.

அப்போ என்ன செய்யணும்?

* முதலில் டேங்கை ஃபுல் பண்ணி ஓட்டி, மறுபடியும் ஃபுல் பண்ணி உண்மையான மைலேஜைக் கணக்கு போடுங்க.

* ஏர் ஃபில்டர் அடைப்பு, டயரில் காற்று, பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது, பெட்ரோல் கசிவு, சோக் முழுசா திறக்குதா என எல்லாத்தையும் பாருங்க. பல நேரம் திருடன் இங்கேதான் இருப்பான்.

* ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்க. கரி படிந்திருந்தால் ரிச், வெளுத்திருந்தால் லீன், இளம் பழுப்பு என்றால் சரி.

* புகைச் சான்றிதழில் கார்பன் மோனாக்சைடு அளவைக் கவனிங்க. பிஎஸ்2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு வரம்பு 3 சதவீதம். அதைத் தாண்டினால் ஐட்லிங்கில் பெட்ரோல் கூடுதலாகப் போகுது என்று அர்த்தம். பெரும்பாலும் மிக்சர் ஸ்க்ரூவைச் சரிசெய்தாலே போதும்.

* கம்பி விட்டுக் குத்திக் குத்தியே பல பழைய ஜெட்களின் துளை பெரிதாகியிருக்கும். அப்படி இருந்தால் கம்பெனி சொன்ன அதே எண்ணில் புது ஜெட் போடுங்க. சுத்தம் செய்ய கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும்.

இதெல்லாம் முடிந்தும் பிளக் கறுப்பாகவே இருந்தால் மட்டும் ஒரே ஒரு எண் குறைத்துப் பார்க்கலாம். மேட்டில் திணறினாலோ, பிளக் வெளுத்தாலோ உடனே பழைய அளவுக்கே திரும்பிடுங்க. அதுவரை கழற்றிய ஜெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

முக்கியமான ஒன்று: இந்த வேலையை இன்ஜின் ஆறிய பிறகு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்க. பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது!