பாதரசம் முதலில் வந்தது

1955-இல் ஹாங்காங்கிலிருந்து ஜப்பான் திரும்பிய ஒரு பெண்ணுக்குச் சீதபேதி. அவரிடமிருந்து பிரித்தெடுத்த ஷிகெல்லா பாக்டீரியா சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிகால் என நான்கு மருந்துகளுக்கும் அசையவில்லை. சீதபேதிக்கு அன்றைய டாக்டர்கள் கையில் இருந்ததே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இங்கேதான் கணக்கு உதைத்தது. ஒரு பாக்டீரியாவின் மரபணுவில் தற்செயலாக ஒரு மாற்றம் வரும், அதனால் ஒரு மருந்தைத் தாங்கும். கோடிக்கணக்கான செல்களில் ஒன்றில் அது நடக்கலாம் என்பது தெரிந்த விஷயம். ஆனால் நான்கு மாற்றங்கள் ஒரே செல்லில் சொல்லிவைத்த மாதிரி எப்படி வரும்? 1959-இல் ஒச்சியாயும் அகிபாவும் தனித்தனியாக விடை சொன்னார்கள். மருந்தைத் தாங்கும் ஷிகெல்லாவையும், தாங்காத ஈ.கோலையையும் ஒன்றாகக் கலந்து வைத்தால், எதிர்ப்பு மொத்தமாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. நான்கும் ஒரே மூட்டையில் இருந்தன. 1963-இல் சுடோமு வாடனாபே இதையெல்லாம் ஆங்கிலத்தில் தொகுத்து எழுதிய பிறகுதான் மேற்குலகம் சரியாகக் கவனித்தது. அன்று அந்த மூட்டைக்கு ஆர் காரணி என்று பெயர். இன்று நாம் பிளாஸ்மிட் என்கிறோம். குரோமோசோமுக்கு வெளியே, தனியாக, வட்டமாகச் சுருண்டு கிடக்கும் ஒரு டிஎன்ஏ துண்டு.

ஆன்டிபயாடிக் வரலாறு எழுதுகிற எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். பெரும்பாலும் ஒரு வரியை விட்டுவிடுவார்கள். ஜப்பானில் ஷிகெல்லாவிலிருந்து கிடைத்த பிளாஸ்மிட்களில் பேர்போனது ஆர்100. அதில் மருந்துகளுக்கான மரபணுக்களோடு பாதரசத்தைச் சமாளிக்கிற மரபணுக்களும் இருந்தன. குடலில் வாழ்கிற கிருமிக்குப் பாதரசத்தோடு என்ன பஞ்சாயத்து?

இது ஏதோ ஜப்பானியப் பிளாஸ்மிட்டின் விசித்திரம் என்றும் ஒதுக்க முடியாது. 1967-இல் டேவிட் ஸ்மித் என்ற அமெரிக்கர், ஆர் காரணிகள் பாதரசம், நிக்கல், கோபால்ட் மூன்றையும் தாங்கவைக்கின்றன என்று 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அடுத்த வருடமே ரிச்சர்ட் நோவிக்கும் கிறிஸ்டின் ராத்தும் ஸ்டஃபைலோகாக்கஸில் அதே மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். பெனிசிலினை உடைக்கும் மரபணு இருந்த பிளாஸ்மிட்டிலேயே பாதரசம், காட்மியம் போன்ற உலோகங்களுக்கான எதிர்ப்பும் இருந்தது. மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு முன்பே தெரிந்துபோன செய்தி இது. ஆனாலும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு என்றாலே இன்றும் பேச்சு மாத்திரையை அரைகுறையாக நிறுத்தும் நோயாளி மேல்தான் போய் நிற்கிறது. எனக்கு இதில் எப்போதும் ஒரு எரிச்சல் உண்டு.

பாக்டீரியா பாதரசத்தைச் சமாளிக்கும் விதம் அழகானது. மெர் என்று அழைக்கப்படும் மரபணுக் கூட்டம், விஷமான பாதரச அயனியைத் தடுத்து நிறுத்துவதில்லை. வாசலில் நிற்கும் எதிரியை உள்ளே அழைத்து, ஒரு நொதியால் சாதாரண உலோகப் பாதரசமாக மாற்றி, ஆவியாகக் கூரை வழியே வெளியே அனுப்பிவிடுகிறது.

பாதரசம் எங்கிருந்து வந்தது என்பதற்கு நாம் ரொம்ப தூரம் தேட வேண்டியதில்லை. சிஃபிலிஸுக்குப் பாதரசம், மலச்சிக்கலுக்குப் பாதரசம் கலந்த காலோமல், ஆஸ்பத்திரியில் கிருமிநாசினியாகப் பாதரச குளோரைடு, விழுந்து முட்டி பேர்ந்தால் சிவப்பாகப் பூசிவிடும் மெர்குரோகுரோம். விதைநெல்லுக்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பாதரச மருந்து. பல் சொத்தையை அடைக்கும் வெள்ளிப் பூச்சில் பாதிக்குப் பாதி பாதரசம். 1993-இல் ஆன் சம்மர்ஸும் கூட்டாளிகளும் குரங்குகளுக்கு அந்தப் பல் அடைப்பை வைத்துப் பார்த்தார்கள். வாயிலும் குடலிலும் பாதரசத்தைத் தாங்கும் பாக்டீரியா பெருகியது, ஆன்டிபயாடிக்கைத் தாங்குபவையும் கூடவே பெருகின. பல் அடைத்ததற்கும் ஆன்டிபயாடிக்குக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மரபணுக்கள் ஒரே மூட்டையில் இருந்தால் ஒன்றைக் காப்பாற்றுவது மற்றதையும் காப்பாற்றும்.

சரி, மூட்டையில் முதலில் ஏறியது எது? மருந்தா, பாதரசமா?

இதற்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் தெரியாமலே ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார். ஈ.ஜி.டி. மரே என்ற நுண்ணுயிரியலாளர் 1917 முதல் 1954 வரை ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, இந்தியா, ரஷ்யா, வட அமெரிக்கா என்று பல இடங்களின் குடல் பாக்டீரியாக்களைச் சேகரித்து, மூடிய குழாய்களில் பத்திரப்படுத்தியிருந்தார். 1983-இல் விக்டோரியா ஹியூஸும் நவோமி தத்தாவும் அவற்றை எழுப்பிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட கால்வாசியில் செல் விட்டு செல் தாவும் பிளாஸ்மிட்கள் இருந்தன. மருந்து எதிர்ப்புதான் ஏறக்குறைய இல்லை. அதாவது வண்டி இருந்தது, சரக்கு ஏறவில்லை. 2003-இல் பர்மிங்காம் ஆய்வாளர்கள் அதே சேகரிப்பைத் திரும்பக் கிளறினார்கள். ஆர்100-இல் பாதரச மரபணுக்களைச் சுமக்கும் துண்டுக்கு டிஎன்21 என்று பெயர். அதன் நெருங்கிய சொந்தங்கள் மரேயின் பாக்டீரியாக்களில் இருந்தன, மருந்து மரபணுக்கள் இல்லாமல். சைபீரிய உறைமண்ணில் பல்லாயிரம் ஆண்டு பழைய பாக்டீரியாவிலும் இதே மாதிரிப் பாதரசத் துண்டுகளை ரஷ்யர்கள் கண்டெடுத்தார்கள்.

மருந்து எதிர்ப்பு என்ற சரக்கே புதிது என்று இதற்கு அர்த்தமில்லை. யூகானின் 30,000 வருட உறைமண்ணில் அந்த மரபணுக்களும் கிடைத்திருக்கின்றன. ஆனால் டிஎன்21 விஷயத்தில் வரிசை தெளிவு. பாதரசத்துக்காக ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸில் மருந்து எதிர்ப்பு பிறகு தொற்றிக்கொண்டது.

இனி மண்ணுக்கு வருவோம். ஆன்டிபயாடிக் ஒரு கரிமச் சேர்மம். மண்ணில் விழுந்தால் நாளாக நாளாகச் சிதைந்துவிடும். உலோகம் சிதையாது. வடிவம் மாறும், களிமண்ணில் ஒட்டும், நீரில் இறங்கும், ஆனால் செம்பு செம்பாகவே இருக்கும். டென்மார்க் பன்றிப் பண்ணைகளில் அவோபார்சின் என்ற மருந்தை 1995-இல் தடை செய்தார்கள், வான்கோமைசினைத் தாங்கும் என்டெரோகாக்கஸ் பெருகுகிறது என்பதற்காக. தீவனத்தில் கலந்த செம்பு சல்பேட் தொடர்ந்தது. 2002-இல் ஹாஸ்மனும் ஆரஸ்ட்ரப்பும் செம்பைத் தாங்கும் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தபோது, அது வான்கோமைசின் எதிர்ப்பு இருந்த அதே பிளாஸ்மிட்டில் உட்கார்ந்திருந்தது. மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பு தானாக மறையும் என்று பாடத்தில் படிக்கிறோமே, அந்த வாக்கியம் செம்பைக் கணக்கில் எடுக்கவில்லை.

இன்னும் நேரடியான சாட்சி ஜாடிகளில் கிடைத்தது. நெதர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் 1940களிலிருந்தே வயல்மண்ணைக் காயவைத்துத் தேதி எழுதிப் பாதுகாத்திருக்கிறார்கள். சார்ல்ஸ் நாப்பின் குழு அந்த மண்ணிலிருந்து டிஎன்ஏ எடுத்தது. டச்சு மண்ணில் சில டெட்ராசைக்ளின் எதிர்ப்பு மரபணுக்கள் 1970களில் இருந்ததைவிட 15 மடங்குக்கு மேல் கூடியிருந்தன. ஸ்காட்லாந்து மண்ணில் செம்பு போன்ற உலோகங்களின் அளவும் எதிர்ப்பு மரபணுக்களின் அளவும் சேர்ந்தே ஏறியிறங்கின.

பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி கடைசி வருடத்தில் நாங்கள் நான்கு பேர் செய்த புராஜெக்ட் இந்தத் துறையைச் சேர்ந்ததுதான். வாணியம்பாடிப் பக்கம், டேனரிக் கழிவு ஓடும் கால்வாய் ஓரத்து மண். ஒப்பிடுவதற்கு, கழிவு எட்டாத ஒரு நிலத்து மண். பொட்டாசியம் டைக்ரோமேட் கலந்த அகார் தட்டில் பரப்பி, வளர்ந்ததை ஆன்டிபயாடிக் தட்டுக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு காலனியாகக் குச்சியால் தொட்டு மாற்றினால் ஜென்மம் போதாது. 1952-இல் எஸ்தர் லெடர்பெர்கும் ஜோஷுவா லெடர்பெர்கும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். வெல்வெட் துணியைத் தட்டின் மேல் ஒத்தி எடுத்து, அதை அப்படியே அடுத்த தட்டில் ஒத்துவது. நூலிழைகள் ஆயிரம் ஊசிகளாக வேலை செய்யும். எங்களுக்கு வெல்வெட் ஒரு டெய்லர் கடையில் வெட்டுத்துண்டாகச் சும்மா கிடைத்தது. பெரிய கருவி எதுவும் தேவைப்படாததால்தான் இளங்கலை மாணவர்கள் இதைச் செய்ய முடிகிறது. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பேர் என்ற திட்டத்தில், கல்லூரி வகுப்புகளே தங்கள் ஊர் மண்ணில் டெட்ராசைக்ளினைத் தாங்குபவற்றை எண்ணி ஒரு பொதுத் தரவில் சேர்க்கின்றன.

வைவாவில் வந்த எக்ஸ்டர்னல் தட்டுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "குரோமைத் தாங்குது, சரி. ஆம்பிசிலினையும் தாங்குது, சரி. இதனாலதான் அதுன்னு எப்படிம்மா சொல்றே?"

நியாயமான கேள்வி. மண்ணில் இருக்கும் சூடோமோனாஸ்களில் பல பிறவியிலேயே ஆம்பிசிலினுக்கு மசியாது, குரோம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதனால் எங்கள் ஆம்பிசிலின் முடிவை நாங்களே பெரிதாக எடுக்கவில்லை, இரண்டு மண்ணிலும் ஒரே கதைதான் என்றேன். டெட்ராசைக்ளினில்தான் கால்வாய் மண் தனித்துத் தெரிந்தது. அது ஒரே மூட்டையா என்று பார்க்க, ஒச்சியாயும் அகிபாவும் செய்ததையே செய்திருந்தோம். எங்கள் பாக்டீரியாவையும் நாலிடிக்சிக் அமிலத்தைத் தாங்கும் ஆய்வக ஈ.கோலையையும் ஓர் இரவு கலந்து வைத்தோம். டெட்ராசைக்ளின் எதிர்ப்பு தாவியது. குரோம் எதிர்ப்பு தாவவில்லை.

"அப்போ தனித்தனி மூட்டை."

"இல்ல சார், குரோம் மரபணு தாவியும் ஈ.கோலைக்குள்ள வேலை செய்யாம இருக்கலாம்."

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வைவா முடிந்ததும் தட்டுகள், மண் எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் வேகவைத்துக் கொட்டினோம், அதுதான் விதி. அந்தக் கால்வாய்க்கு குரோம் வருவதற்கு முந்தைய மண் ஒரு ஜாடி கையில் இருந்தால் எங்கள் முடிவுக்கு வேறு கனம் இருந்திருக்கும். ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலை லட்சக்கணக்கான டன் கழிவை விட்டுப்போயிருக்கிறது. அது இன்னும் நெடுநாள் அங்கே இருக்கும், அதைச் சுற்றிய பாக்டீரியாவும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஜூனியர் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு பேட்சும் ஒரு கிலோ மண்ணை நிழலில் காயவைத்து, கண்ணாடி ஜாடியில் போட்டு, இடமும் தேதியும் எழுதி லேபின் மேல் அலமாரியில் வையுங்க. பென்சில்ல எழுதுங்க, மார்க்கர் மங்கிடும்.