சூயஸ் கற்பிக்கும் பாடம்

வாளுக்கு முன்னே பணப்பை செல்வதுண்டு. சூயஸ் கால்வாயின் வரலாறு இதற்குச் சான்று.

கால்வாய் 1869-இல் திறக்கப்பட்டது. அதனை வெட்டும் திட்டத்தை முதலில் எதிர்த்த பிரிட்டன், இந்தியாவுக்குரிய கப்பல் வழி குறுகியதைக் கண்டு மனம் மாறிற்று. அந்நாளில் எகிப்தை ஆண்ட இஸ்மாயில் பாஷா கடன் சுமையால் தத்தளித்தார். 1875-இல் அவர் தம் கால்வாய்ப் பங்குகளை விற்க முன்வந்ததும், பிரதமர் டிஸ்ரேலி ஏறத்தாழ 40 லட்சம் பவுனுக்கு அவற்றை வாங்கினார். அடுத்த ஆண்டே எகிப்தின் வரவு செலவு கடன் கொடுத்தோர் கண்காணிப்பில் வந்தது. இதனைப் பொறாது அராபி பாஷா கிளர்ந்தெழுந்தார். 1882-இல் தெல் எல் கெபீரில் பிரிட்டிஷ் படை அவரை முறியடித்தது. விரைவில் வெளியேறுவதாகக் கூறிய அப்படை, 1956 ஜூனில்தான் வெளியேறியது. அடுத்த மாதம் கால்வாய் நாட்டுடைமையாயிற்று. அவ்வாண்டு இறுதியில் மீண்டும் படையெடுத்தும் பிரிட்டனால் அங்கே நிலைக்க இயலவில்லை.

நாம் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. தெல் எல் கெபீர்ப் போரில் இந்தியத் துருப்புகளும் இருந்தன. நம் சென்னைச் சாப்பர் படையினர் அப்போரின் பெயரை விருதாகப் பெற்றனர். அவர்தம் வீரத்தில் ஐயமில்லை. ஆயினும், அடிமைப்பட்டிருந்த நாம் மற்றொரு நாடு அடிமைப்படத் தோள் கொடுத்தோம். இன்று சுதந்திர நாட்டினராய், அயலாரிடம் கடன் பெறும்போதும் அயலாருக்குக் கடன் அளிக்கும்போதும் இதனை நெஞ்சில் நிறுத்துவோமாக.