ஒளிரும் ஸ்கேட்ஸும் உடையும் மணிக்கட்டும்: ஒரு குட்டி வரலாறு

1/
உங்க வீட்டுப் பிள்ளை பிறந்தநாளுக்கு ஸ்கேட்ஸ் கேட்குதா?

இப்போ கடைகளில் அதிகம் கண்ணில் படுவது ஒரு வகை. கால் வளர வளர அளவைக் கூட்டிக்கொள்ளலாம். உருண்டால் சக்கரம் சிவப்பு, நீலம், பச்சைன்னு மின்னும்.

வாங்கும் முன் இந்த இழையைப் படிச்சிடுங்க. இந்தப் பொருளுக்குச் சுமார் 250 வருஷக் கதை இருக்கு.

2/
கதை லண்டனில் தொடங்குது.

ஜான் ஜோசப் மெர்லின். 1735ல் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஹுய் நகரில் பிறந்தவர். 1760ல் லண்டன் வந்தார். கடிகாரம், இசைக்கருவி, தானாக இயங்கும் பொம்மை எல்லாவற்றிலும் கைதேர்ந்தவர்.

சோஹோ சதுக்கத்தில் கார்லைல் ஹவுஸ் என்ற மாளிகை. அங்கே ஒரு மாறுவேட விருந்து. மெர்லின் தானே செய்த சக்கரக் காலணியை மாட்டிக்கிட்டு, வயலின் வாசித்தபடி கூட்டத்துக்குள் உருண்டு வந்தாராம்.

திரும்பவும் தெரியல. நிறுத்தவும் தெரியல.

500 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள பெரிய நிலைக்கண்ணாடியில் போய் மோதினார். கண்ணாடி சுக்குநூறு, வயலின் தூள், அவருக்கும் பலத்த காயம். மெர்லின் இறந்து பல வருஷம் கழித்து அச்சான ஒரு இசைத் துணுக்கு நூல் சொல்லும் கதை இது.

3/
ஒரு மருத்துவரா எனக்கு இவரை இன்னொரு காரணத்துக்காகவும் பிடிக்கும்.

கவுட் நோயால் கால் மூட்டு வீங்கி நடக்க முடியாதவர்களுக்காக, உட்கார்ந்தபடியே கைப்பிடியைச் சுற்றி ஓட்டும் சக்கர நாற்காலியைச் செய்தவரும் இதே மெர்லின்தான்!

4/
1819ல் பாரிஸில் பெட்டிபிளெட் என்பவர் ஸ்கேட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே வரிசையில் மூணு சக்கரம். நேராகப் போகலாம், வளைவது பெரும்பாடு.

1823ல் லண்டனில் பழ வியாபாரி ராபர்ட் ஜான் டயர்ஸ், ஒரே வரிசையில் அஞ்சு சக்கரம் வைத்தார். பெயர் ரோலிட்டோ.

5/
வளைவதற்கான விடை 1863ல் நியூயார்க்கில் கிடைச்சது. ஜேம்ஸ் பிளிம்ப்டன் முன்னால் ரெண்டு, பின்னால் ரெண்டுன்னு சக்கரங்களை ஜோடியா வைத்தார். தட்டுக்கும் அச்சுக்கும் நடுவில் ரப்பர் மெத்தை கொடுத்தார்.

உடம்பை ஒரு பக்கம் சாய்த்தால் ரப்பர் அமுங்கும், அச்சு திரும்பும், ஸ்கேட் வளையும். இன்னைக்கும் நாலு சக்கர ஸ்கேட் வளைவது இந்தத் தத்துவத்தில்தான்.

6/
1876ல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் பவுன் ஸ்கேட் சக்கரத்துக்கான பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். பேரிங் வந்தபின் உராய்வு குறைஞ்சது, வேகம் கூடியது. கால்விரல் பக்கம் இருக்கும் நிறுத்துக்கட்டைக்கும் காப்புரிமை கிடைத்தது அதே காலத்தில்தான்.

7/
சரி, அளவு மாற்றும் வசதி நேற்று வந்ததா? இல்லைங்க.

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கத் தெருக்களில் உருண்ட இரும்பு ஸ்கேட்டிலேயே அது இருந்தது. தனி பூட்ஸ் கிடையாது. போட்டிருக்கும் ஷூவுக்கு அடியில் தட்டை வைத்து, நீளத்தைக் கூட்டிக் குறைத்து, ஒரு சாவியால் முறுக்கி இறுக்குவார்கள். அந்தச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வது அந்தக் காலப் பிள்ளைகளின் அடையாளம். அண்ணன் ஸ்கேட் தம்பிக்கும் ஆகும்.

8/
இரும்புச் சக்கரம் சிமெண்டில் கடகடக்கும், சின்னக் கல் பட்டாலும் நின்றுவிடும். 1970களில் பாலியூரித்தேன் சக்கரம் வந்து சத்தமும் அதிர்வும் குறைஞ்சது. 1980ல் மினசோட்டாவில் ஸ்காட் ஓல்சன் ஒற்றை வரிசைச் சக்கரத்தை மறுபடி கொண்டுவர, அது ரோலர்பிளேடு என உலகைச் சுற்றியது.

9/
இப்போ வெளிச்சத்துக்கு வருவோம்.

பேட்டரி இல்லாமலே சக்கரம் எப்படி மின்னுது? பழைய சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கா? அதே கதைதான். அச்சில் காந்தம், சக்கரத்தில் செப்புக் கம்பிச் சுருள். சக்கரம் சுழன்றால் சுருளில் மின்சாரம், எல்இடியில் வெளிச்சம். 1831ல் மைக்கேல் ஃபாரடே காட்டிய மின்காந்தத் தூண்டல், உங்க பிள்ளை காலடியில் ஓடிட்டு இருக்கு.

10/
ஆனா மின்னும் காலணிக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எல்ஏ கியர் நிறுவனம் விற்ற மின்னும் ஷூக்களில் பாதரச ஸ்விட்ச் இருந்தது. பாதரசம் நரம்பு மண்டலத்துக்கு நஞ்சு. 1994ல் மினசோட்டாவில் பிரச்சினை வெடித்தது. நிறுவனம் பாதரசம் இல்லாத ஸ்விட்சுக்கு மாறியது.

11/
இப்போ இதுவரை சொன்னதைத் திரும்பிப் பாருங்க. ரப்பர் மெத்தை, பேரிங், சாவி, பாலியூரித்தேன், எல்இடி. அத்தனை முன்னேற்றமும் காலுக்குக் கீழே நடந்தவை.

ஆனா விழும்போது முதலில் அடி வாங்குவது எது?

கை.

12/
சறுக்கி விழும் யாரும் யோசிக்காமலே கையை ஊன்றுவார்கள். அது அனிச்சைச் செயல். உடம்பின் எடையும் வேகமும் சேர்ந்து மணிக்கட்டில் இறங்கும்.

கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டுக்கு மேலே ஆர எலும்பு முறிவதை 1814லேயே டப்ளின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் விவரித்துவிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895ல்தான்!

13/
பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எலும்பு நீளமாக வளர்வது அதன் முனைக்கு அருகில் இருக்கும் வளர்ச்சித் தட்டில். அது குருத்தெலும்பு. பக்கத்தில் இருக்கும் தசைநாரைவிடப் பலவீனமானது.

அதனால் பெரியவர்களுக்கு சுளுக்கோடு போகும் அடி, பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டு முறிவாக இருக்கலாம். "சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவிவிட்டா சரியாகும்"னு விட்டுட்டா, சில சமயம் எலும்பு கோணலாக வளரும், அல்லது நீளம் குறையும்.

விழுந்தபின் மணிக்கட்டு வீங்கினாலோ, கோணலாகத் தெரிந்தாலோ, பிள்ளை அந்தக் கையைப் பயன்படுத்த மறுத்தாலோ நீவாதீங்க. அசையாமல் ஒரு அட்டையை வைத்துக் கட்டி, எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிட்டுப் போங்க.

14/
தடுக்க முடியுமா? முடியும்.

அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த ஒற்றை வரிசை ஸ்கேட்டர்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1996ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ரிஸ்ட் கார்ட் போடாதவர்களுக்கு மணிக்கட்டுக் காயம் ஏற்படும் வாய்ப்பு, போட்டவர்களைவிட சுமார் 10 மடங்கு அதிகம்.

பத்து மடங்கு. இன்னொரு முறை படிங்க.

15/
ஆகவே பெற்றோரே,

- ஸ்கேட்ஸ் வாங்கும் அன்னைக்கே ஹெல்மெட், ரிஸ்ட் கார்ட், முழங்கைக் கவசம், முழங்கால் கவசம் நாலையும் வாங்குங்க. பட்ஜெட் இடிச்சா மின்னாத சக்கரம் போதும்.

- "வளர்ற பிள்ளைதானே"ன்னு அளவை இன்னைக்கே பெரிசா வைக்காதீங்க. தொளதொளன்னு இருந்தா கணுக்கால் பிடிமானம் போயிடும். ஒவ்வொரு தடவையும் பூட்டு இறுகியிருக்கான்னு பாருங்க.

- முதலில் நிற்கவும் விழவும் பழக்குங்க. முட்டியை மடக்கி, உடம்பை முன்னே சாய்த்து, முழங்கால் கவசத்தின் மேல் விழணும்.

- சக்கரம் மின்னுது என்பதற்காக இருட்டில் சாலைக்கு அனுப்பாதீங்க. அந்த வெளிச்சம் வண்டி ஓட்டுபவருக்கு எச்சரிக்கை விளக்கு ஆகாது.

16/
பிள்ளைகள் உருளட்டும். ஓடி ஆடும் எந்த விளையாட்டும் அவங்க இதயத்துக்கும் எலும்புக்கும் நல்லது. ஸ்கேட்ஸ் வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன்.

மெர்லினிடம் அன்னைக்கு ரிஸ்ட் கார்ட் இல்லை. உங்க பிள்ளைக்கு அது கிடைக்கும். வாங்கிக் கொடுங்க.

ஸ்கேட்ஸ் வாங்கப்போகும் வீட்டுக்கு இதைப் பகிருங்க.